முப்பத்தொன்றாம் எண்ணின் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை டப்பாவை நிரப்புவது அக்காவின் வேலை. மாத்திரை தம்பியுடையது, அதைத் தின்ன வேண்டிய ஈரலும் தம்பியுடையது. ஆனாலும் டப்பாவை அவன் கையில் கொடுத்தால் திங்களும் செவ்வாயும் ஒரே அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவள் முடிவு. ஏழு நாளுக்கு ஏழு அறை, ஏழு மூடி. முதலில் ஈரத்துணியால் துடைப்பாள், பிறகு உலர்ந்த துணியால். பழைய தூள் மூலையில் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டுவாள். பிறகு புட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு வெள்ளை மாத்திரையாக எடுத்துப் போட்டு, மூடிகளை டப் டப்பென்று அழுத்துவாள். ஹாலில் படுத்திருக்கும் தம்பி போர்வைக்குள்ளிருந்தே, "ஏழு மாடி பில்டிங் ரெடியா?" என்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

டப்பா ஃபிரிட்ஜின் தலையில் இருக்கும். ராத்திரி சாப்பிட்டு முடித்து, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவன் ஒரு மூடியைத் திறப்பான். மூடி திறக்கும் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம். காலையில் அவள் எட்டிப் பார்ப்பாள். அறை காலி என்றால் நோட்டில் ஒரு டிக். மூன்று வருடத்தில் ஒரு டிக் தவறியதில்லை.

அந்த நோட்டு முறை அவளே கண்டுபிடித்தது. மருத்துவமனையின் நான்காவது மாடியில், பழைய எக்ஸ்ரே கவர்கள் அடுக்கிய அறையை ஒட்டி இருக்கும் ஆராய்ச்சிப் பிரிவில் இருபத்து நாலு வருடமாக அவள் வேலை பார்க்கிறாள். டைப் அடிக்கத்தான் எடுத்தார்கள். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள் என்பது இரண்டாம் மாதத்தில், டாக்டர் ஒருவர் கொடுத்த அட்டவணையில் மூன்று தப்புகளைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வரும் எண்கள் அவள் மேசைக்கு வருகின்றன. அவள் அவற்றைப் புள்ளிகளாக வைத்து நடுவில் கோடு ஓட்டுகிறாள். பிரிவில் அவளுக்குப் பெயர் கோட்டம்மா. ரத்தம் எடுக்கும் நர்ஸ் மட்டும் அக்கா என்பாள்.

வேலை என்ன என்று ஒருமுறை தம்பி கேட்டான். உடம்புக்குள் மூன்று கூட்டம் இருக்கிறது என்றாள். நல்ல செல், வைரஸ் புகுந்த செல், வெளியே ரத்தத்தில் சுற்றும் வைரஸ். புகுந்த செல் வைரஸைத் தயாரித்துத் தள்ளும். அந்த வைரஸ் போய் இன்னொரு நல்ல செல்லைப் பிடிக்கும். தினமும் எத்தனை பிறக்கிறது, எத்தனை சாகிறது என்று மூன்றுக்கும் சமன்பாடு எழுதினால் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று சொல்லலாம்.

"ஏறுறவன் எத்தன, இறங்குறவன் எத்தன. அவ்வளவுதானே? இத நான் தினமும் பார்க்குறேன். இதுக்கு எம்.எஸ்ஸியா?"

"உன் லிஃப்ட்ல ஏறுனவன் குட்டி போட மாட்டான்டா."

"நீ எங்க அபார்ட்மென்ட்காரங்கள பார்த்ததில்ல."

சிரித்தாலும், மாத்திரை என்ன செய்கிறது என்பதை அவள் அந்த லிஃப்டை வைத்தே விளக்கினாள். மாத்திரை கதவைச் சாத்திவிடும், புதிதாக யாரும் ஏற முடியாது. ஏற்கெனவே உள்ளே நிற்பவர்கள் தானாக இறங்கவேண்டியதுதான். "எப்ப இறங்குவாங்க?" என்றான். அஞ்சு வருஷம் பொறுத்துக்கோ என்றாள். கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. அன்று அவன் முகம் இருந்த இருப்பில் வாயில் வந்த எண்.

தம்பிக்கு இருப்பது மஞ்சள் காமாலை வைரஸில் ஒரு வகை, ஈரலில் குடியேறி வருடக்கணக்கில் சத்தம் போடாமல் இருப்பது. அம்மாவிடம் இருந்திருக்கிறது. எப்போது, எந்த ஊசியில் அவளுக்குள் போனதோ, யாருக்கும் தெரியாது. அக்கா பிறந்தபோது இல்லை. ஒன்பது வருடம் கழித்துத் தம்பி பிறந்தபோது இருந்தது. அம்மா வயிறு வீங்கிச் செத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் பரிசோதித்தார்கள். அவளுடைய தாளில் இல்லை என்று வந்தது. தம்பி தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல, அம்மா எனக்குன்னு ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்கா" என்றான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதுதான் காரணம் என்று உறவில் சொல்வார்கள். அவள் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

நாற்பத்தோரு வயதில் அவன் ஈரலில் தழும்பு ஏறிவிட்டது என்று ஸ்கேன் காட்டியது. பிரிவின் பெரிய டாக்டர் அவனை ஆய்வில் சேர்த்துக்கொண்டார். மாத்திரை இலவசம், மாதம் ஒருமுறை ரத்தம். "இந்த ஈரலோட இன்னொரு தடவ காமாலை பொங்கினா தாங்காதும்மா. நம்மகிட்ட இருக்கிறது இந்த மாத்திரைதான்," என்றார், அவன் எதிரிலேயே. ஆய்வில் இருக்கும் நாற்பது நோயாளிகளுக்கும் பெயர் கிடையாது, எண்தான்; ஆளுக்கொரு டிக் நோட்டு. சொந்தக்காரர் கணக்கை அவள் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் முப்பத்தொன்றாம் எண்ணின் நோட்டு மேசைக்கு வந்தபோது டிக்கெல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாற்பது பேரில் முப்பத்தொன்றுதான் அழகான கோடு. மாத்திரை தொடங்கியதும் சரசரவென்று இறங்கி, பிறகு மெல்லச் சரிந்து, எட்டாம் மாதத்தில் இயந்திரத்தின் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கீழே போய்விட்டது. புள்ளிகள் கோட்டை விட்டு அசையவில்லை. வெளியூரில் நடந்த கருத்தரங்குக்குப் போனபோது அதைத்தான் பெரிதாக அச்சடித்து எடுத்துப்போனாள்.

அவள் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகியிருக்கும். முப்பத்தொன்றின் ரத்தத்தில் ஐந்நூறு என்று வந்தது.

இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒன்றுமே தெரியாத இடத்தில் ஐந்நூறு. மாதிரி மாறியிருக்கும் என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து ஆயிரத்து எழுநூறு. அடுத்த வாரம் ஐயாயிரத்து எண்ணூறு. பிறகு பத்தொன்பதாயிரம். பிறகு அறுபத்தைந்தாயிரம்.

பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டினார். "டிக் எல்லாம் இருக்கே. நீங்களே போட்டது. அப்ப வைரஸ்தான் மாறிடுச்சு. மருந்துக்கு மசியாத ரகம். நல்ல கேஸும்மா இது."

"நல்ல கேஸா?"

"எழுதறதுக்குன்னு சொன்னேன்," என்று அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன், வர மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்க கணக்குல பாத்துடுங்க. அந்த ரகம் எப்ப கிளம்புச்சு, எவ்வளவு வேகம்னு. தம்பிகிட்ட மாத்திரைய விடாம போடச் சொல்லுங்க."

"அவன் விடமாட்டான் டாக்டர்."

பதினோரு நாள் அவள் அந்தப் புது ரகத்துக்குக் கணக்கில் இடம் தேடினாள். மூன்று சமன்பாடு ஐந்தாயிற்று. மசியாத வைரஸ், அது புகுந்த செல் என்று இரண்டு வரி கூடியது. கோடு வளைந்தது, நெளிந்தது, புள்ளிகளின் மேல் உட்கார மறுத்தது. மருந்தை எதிர்த்து முளைக்கும் ரகம் தட்டுத்தடுமாறித்தான் ஏறும். இது வாரத்துக்கு மூன்றரை மடங்கு, ஸ்கேல் வைத்துக் கோடிட்டதுபோல் ஏறியது. அந்த வேகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இருந்தும் கணக்கின் எல்லா வரியையும் மாற்றிப் பார்த்தவள் ஒரே ஒரு வரியை மட்டும் தொடவில்லை. மருந்தின் பலம் என்ற வரி. அதற்கு டிக் சாட்சி இருந்தது. அறை காலி என்றால் மாத்திரை வயிற்றில். நாற்பது பேருக்கும் அவள் வைத்த விதி அது.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், டீ வரக் காத்திருந்த நேரத்தில், சும்மா, அந்த வரியில் சைபர் என்று தட்டினாள். புது ரகத்தைத் தூக்கிவிட்டு, இன்ன நாளிலிருந்து மருந்தே இல்லை என்று மட்டும் வைத்தாள். ஐந்து புள்ளியையும் கோர்த்துக்கொண்டு கோடு ஓடியது. ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. அந்த வேகம் எங்கே பார்த்தது என்பதும் அப்போது தெரிந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முந்தின மாதங்களின் ரத்தத்தை வைத்து, கட்டவிழ்ந்த வைரஸின் வேகம் இது என்று அவளே குறித்துவைத்த எண்.

கோட்டைப் பின்னால் இழுத்தாள். மருந்து நின்ற நாள் இன்றைக்கு எண்பத்து மூன்று நாள் முன்னால், மூன்று நாள் முன்பின் இருக்கலாம். காலண்டரைப் பார்த்தாள். கருத்தரங்குக்கு அவள் கிளம்பிய வாரம்.

டீயோடு வந்தது ரத்தம் எடுக்கும் நர்ஸ். "என்னக்கா, பேயடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. தம்பி இந்த வாரம் வந்தானா?"

"நேத்து வந்தார். அவருக்கு ஊசி குத்தறதுன்னா எனக்கு ஜாலிக்கா. 'எடுங்க எடுங்க, எங்கக்காவுக்குக் கோடு போட மை தீந்துடுச்சாம்'கிறார். புட்டியில நம்பர் ஒட்டும்போதெல்லாம், 'முப்பத்தொண்ணாவது மாடியா? அவ்வளவு உயரத்துக்கு நம்ம லிஃப்ட் போகாதே'ன்னு ஒரே கிண்டல்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவனுக்கு எண் தெரியும்.

கருத்தரங்குக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவள் பேச்சை ஒத்திகை பார்த்தாள். பீரோ கண்ணாடி முன்னால் நின்று, கையில் ஸ்கேலோடு. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் மணி அடித்துவிடுவார்கள் என்று பயம். தம்பிதான் கட்டிலில் உட்கார்ந்து வாட்சைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தொன்றாம் எண்ணைப் பாருங்கள் என்று அவள் கண்ணாடியிடம் சொன்னாள். ரத்தத்தில் வைரஸ் மறைந்துவிட்டது. ஆனால் ஈரலில் பதுங்கியிருக்கும் செல்கள் இறங்கும் வேகம் மிகக் குறைவு. இதே மாத்திரையைத் தினமும் தொடர்ந்தால் இவருக்கு அவை முழுக்கத் தீர ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகும். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து, நிறுத்தினாள்.

"பதினொண்ணே முக்கால்," என்றான் தம்பி. கைகூடத் தட்டினான்.

முப்பத்தொன்று என்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு கோடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தது தம்பி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்து குளிக்கப் போனான். கருவிப்பை ஹாலில், அவன் எப்போதும் போடும் இடத்தில் கிடந்தது. அவள் அதை இதுவரை திறந்ததில்லை. கிரீஸ் வாடை. ஸ்பேனர், டெஸ்டர், சுருட்டிய ஒயர். அடியில் திருகும் வாஷரும் பிரித்துவைக்கும் பிளாஸ்டிக் டப்பா, அவள் நிரப்புகிற டப்பாவைப் போலவே அறை அறையாக. கடைசி அறையில் மாத்திரைகள். சிலவற்றில் கிரீஸ் கறை.

செய்தித்தாளை விரித்து எண்ணினாள். இரண்டாவது முறையும் எண்ணினாள். எண்பத்து மூன்று.

நேற்றைக்கு எண்பத்து மூன்று என்றால் இன்றைக்கு எண்பத்து நாலு. ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஐந்து துளி ரத்தத்திலிருந்து பின்னால் இழுத்த கோடு, அவன் விட்ட நாளைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. அவளுக்குள் என்னவோ சட்டென்று நிமிர்ந்தது. இருபத்து நாலு வருடத்தில் இவ்வளவு துல்லியமாக எதுவும் வந்ததில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அது வந்ததற்காக அவள் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன் செய்தித்தாளைப் பார்த்தான். ஓடவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"எண்ணியாச்சா?"

"எண்பத்து மூணு."

"எண்பத்து நாலு இருக்கணுமே." யோசித்தான். "ஆமா, ஒண்ணு லிஃப்ட் குழியில விழுந்துடுச்சு. போன வாரம்."

"விளையாடறியாடா?"

"இல்லக்கா. நெசமா விழுந்துச்சு."

"தூக்கிப் போட வேண்டியதுதானே? எதுக்கு இதச் சேத்து வெச்ச?"

"மனசு வரல. வேற யாருக்காவது ஆகும்ல."

அவள் எழுந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது. "அறுபத்தஞ்சாயிரம். தெரியுமா? இன்னும் ஒரு மாசத்துல கோடியில நிக்கும். அப்புறம் ஈரல் பொங்கும். டாக்டர் தாங்காதுன்னு உன் மூஞ்சிக்கு நேராத்தானே சொன்னார்? அம்மா எப்படிப் போனான்னு பார்த்தல்ல?"

"பார்த்தேன். நீ டியூஷன் எடுக்கப் போயிட்ட. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

அவன் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அஞ்சு வருஷம்னு நீ சொன்ன," என்றான். "டவர் பில்டிங் மெஷின் ரூம் செவுத்துல மாசத்துக்கு ஒரு கோடு போட்டுட்டு வந்தேன்க்கா, சாக்பீஸ்ல. அறுபதுல முப்பத்து நாலு போட்டாச்சு. மாத்திர போட்டா வயித்தப் பெரட்டும், உனக்குத் தெரியாது, சொன்னதில்ல. சரி, இன்னும் இருபத்தாறுதான்னு முழுங்கிடுவேன். அன்னைக்கு நீ கண்ணாடிகிட்ட அம்பத்தெட்டுன்ன. நூத்திரண்டு வயசுக்கா எனக்கு அப்ப. அடுத்த நாள் மூடியத் திறந்தேன். கை போகல."

"நான் இல்லாத நாலு நாள்தான் விட்டிருப்ப, அப்புறமாவது..."

"அப்புறமும் போகல. நீ டிக் போடுவியே, மொகம் வாடிடுமேன்னு அறைய மட்டும் காலி பண்ணிட்டேன்."

"அந்த அம்பத்தெட்டு வேறடா. ஒண்ணு விடாம எல்லாம் தீர்ற கணக்கு அது. மாத்திர அதுக்கில்ல. ஈரல் வேகாம காப்பாத்தறதுக்கு. தீரலன்னா என்ன, இருந்துட்டுப் போகட்டும், நீயும் இருப்ப, அதுவும் ஒரு மூலையில இருக்கும். எத்தன பேர் ஆயுசுக்கும் மாத்திர போடறாங்க?"

"அத முன்னாடியே சொல்லியிருந்தா நான் அறுபது கோடு கணக்கு வெச்சிருக்க மாட்டேன்ல?"

குழாயில் தண்ணீர் சொட்டியது. அவன் சரியாக மூடியிருக்கமாட்டான். அவள் அதற்காகவாவது எழுந்து போகலாமா என்று பார்த்தாள். போகவில்லை.

"இது எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று அவன் செய்தித்தாளைக் காட்டினான். "பையைத் திறந்து பார்க்கணும்னு?"

"கோட்டப் பின்னாடி இழுத்தேன். நீ விட்ட நாள் வந்துச்சு."

"எவ்வளவு சரியா வந்துச்சு?"

அவள் தயங்கினாள். "ஒரு நாள் முன்னப்பின்ன."

அவன் மெல்ல விசில் அடித்தான். அவளுடைய வேலையை அவன் மெச்சும்போது எப்போதும் அடிக்கும் அதே விசில். "கெட்டிக்காரிக்கா நீ. அப்ப முன்னாடி இழுத்தாலும் சரியாத்தானே இருக்கும்?"

முன்னாடி இழுப்பது வேறு, தூரம் போகப் போகக் கோடு தடித்துவிடும், ஐம்பத்தெட்டு என்பது முப்பதாகவும் இருக்கலாம், நூற்றுக்கு மேலும் இருக்கலாம் என்று அவள் சொல்ல வந்தாள். முப்பது என்று ஆரம்பித்தால் நூறையும் சொல்லவேண்டும். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடினாள். டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்த டப்பாவில் சனிக்கிழமை மூடியைத் திறந்து மாத்திரையை எடுத்துவந்து, அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"முழுங்குடா. அக்கா சொல்றேன்."

அவன் மாத்திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கேலி செய்யும் முகம் இல்லை அது. பத்தொன்பது வயதில் தாளை மடித்தபோது இருந்த முகம்.

"அந்தக் கணக்கு தப்புன்னு சொல்லு. எங்கயோ ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன்னு சொல்லு. இப்பவே முழுங்கிடறேன். தினமும் முழுங்குறேன். சொல்லுக்கா."

அஞ்சு வருஷம் என்று ஒருமுறை சொன்ன நாக்குதான். இன்னொரு முறை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? செய்தித்தாளில் எண்பத்து மூன்று மாத்திரைகளும் அவள் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்தபடி வரிசையாக இருந்தன, கடைசி வரிசையில் மட்டும் மூன்று.

"அக்கா?"

மொட்டைமாடியில் துணி காய்ந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. மாத்திரையையும் டம்ளரையும் அவன் கைக்கு எட்டும்படி இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.